டைப்ரைட்டர் கம்பெனி செய்த துப்பாக்கி: எம்1 கார்பைன் சேகரிப்பு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒஹாயோவில் எங்கள் வீட்டுக்கு வரும் நண்பர்களில் பாதிப் பேர், பெட்டகத்தில் இருக்கும் நான்கு கார்பைன்களை, அதாவது இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சின்ன ரைபிள்களை, பார்த்ததும் ஒரே மாதிரிதான் கேட்பார்கள். மீதிப் பேர் ஒன்றும் கேட்காமல் கொஞ்சம் தள்ளி உட்கார்வார்கள். கேட்டவர்களின் சந்தேகங்களை அவர்கள் கேட்டபடியே எழுதி, பதில்களைச் சேர்த்திருக்கிறேன். சட்டம் பற்றிய பதில்கள் திசை காட்டத்தான். வாங்கும் நாளில் உங்கள் மாநிலச் சட்டத்தை நீங்களே பார்த்துவிடுங்கள்.

டைப்ரைட்டர் கம்பெனி துப்பாக்கி செஞ்சுதா? கதை விடுறீங்களா?

கதை இல்லை. அண்டர்வுட் என்ற பெயரைப் பழைய தட்டச்சு இயந்திரங்களில் பார்த்திருப்பீர்கள். அதே நிறுவனம் கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபர்டில் ஐந்து லட்சத்துக்கு மேல் எம்1 கார்பைன் செய்தது. ஐபிஎம், ஜூக்பாக்ஸ் (காசு போட்டால் பாடும் இசைப்பெட்டி) செய்த ராக்-ஓலா, தபால் முத்திரை இயந்திரம் செய்த நேஷனல் போஸ்டல் மீட்டர், கார் ஸ்டியரிங் செய்த சாகினா ஆகியவையும் செய்தன.

காரணம் எளிது. அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கியபோது ஆயுதத் தொழிற்சாலைகளுக்குக் கை நிறைய வேலை. இன்னொரு பக்கம், 1942-ல் ஜூக்பாக்ஸ், தட்டச்சு இயந்திரம் மாதிரியான பொருள்களின் உற்பத்தியை அரசு பெரும்பாலும் நிறுத்தச் சொல்லிவிட்டது. நுணுக்கமாக உலோகம் கடையத் தெரிந்த ஆட்களும் இயந்திரங்களும் சும்மா இருந்தன. தட்டச்சு இயந்திரத்துக்குள் இருக்கும் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன உறுப்புகளை நினைத்துப் பாருங்கள். அதைச் செய்தவனுக்குத் துப்பாக்கியின் விசைப் பகுதி ஒன்றும் பெரிய புதிர் இல்லை.

எம்1 கார்பைன்னா என்ன? எம்1 காரண்ட்னு ஒண்ணு இருக்கே, ரெண்டும் ஒண்ணா?

பெயரில் எம்1 இருப்பதைத் தவிர ஒட்டு உறவு குறைவு. காரண்ட் காலாட்படையின் முழு அளவு ரைபிள், சுமார் 4.3 கிலோ. கார்பைன் சுமார் 2.4 கிலோதான். லாரி ஓட்டுநர், பீரங்கிக் குழுவினர், தகவல் தொடர்பு ஆட்கள் போன்றவர்களுக்குப் பிஸ்டலை விடத் தூரமாகச் சுடும் ஒன்று வேண்டும், ஆனால் தோளில் பாரமாகத் தொங்கக் கூடாது என்று கேட்டுச் செய்யப்பட்டது. 1941 அக்டோபரில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. 15 தோட்டா மேகசின். ஒவ்வொரு முறை விசையை இழுக்கும்போதும் ஒரு குண்டு.

சிறையில இருந்த ஒருத்தர் கண்டுபிடிச்சதுதானே இது?

பாதி உண்மை. டேவிட் மார்ஷல் வில்லியம்ஸ் வட கரோலினாவில் சிறையில் இருந்தவர்தான். சுடும்போது வரும் வாயு தள்ளி, குறுகிய தூரமே நகரும் பிஸ்டன் அவர் யோசனை. அடுத்த தோட்டா தானாக ஏறுவது அதனால்தான், அது கார்பைனின் உயிர்நாடி. ஆனால் துப்பாக்கியை மொத்தமாக வடிவமைத்தது வின்செஸ்டரின் பொறியாளர் குழு. அவர் ஒற்றை ஆளாகச் செய்தார் என்பது பிறகு அவரைப் பற்றிய சினிமாவோடு சேர்ந்து பரவியது.

மொத்தம் எத்தனை கம்பெனி? எது ஜாஸ்தி, எது அபூர்வம்?

பத்துப் பெயர்கள். மொத்தம் செய்யப்பட்டவை 61 லட்சத்துக்கு மேல். அதில் ஜெனரல் மோட்டார்ஸின் இன்லேண்ட் பிரிவு, எங்களூருக்குப் பக்கத்து டேட்டனில், 26 லட்சத்துக்கு மேல் செய்து தள்ளியது. வின்செஸ்டர் சுமார் 8.28 லட்சம், அண்டர்வுட் 5.45 லட்சம். சாகினா இரண்டு ஊர்களில் சேர்த்து 5.17 லட்சம், நேஷனல் போஸ்டல் மீட்டர் 4.13 லட்சம், குவாலிட்டி ஹார்டுவேர் 3.6 லட்சம், ஐபிஎம் 3.46 லட்சம், ஸ்டாண்டர்ட் புராடக்ட்ஸ் 2.47 லட்சம், ராக்-ஓலா 2.28 லட்சம். இந்தப் பட்டியலில் வின்செஸ்டர் ஒன்றுதான் துப்பாக்கியையே தொழிலாகக் கொண்ட நிறுவனம்.

பத்தாவது பெயர் அர்வின்-பீடர்சன். மிச்சிகனின் கிராண்ட் ராபிட்ஸ் மரச்சாமான்களுக்குப் பேர்போன ஊர். அங்கே ஒரு மரச்சாமான் குடும்பமும் ஆயுத வடிவமைப்பாளர் ஜான் பீடர்சனும் கூட்டுச் சேர்ந்தார்கள். கூட்டு ஓடவில்லை. சில ஆயிரம் துப்பாக்கிகளோடு 1943-ல் ஒப்பந்தம் ரத்தாகி, ஆலையைச் சாகினா எடுத்துக்கொண்டது. தோற்றுப்போன அந்தக் கம்பெனியின் பெயர் பொறித்த கார்பைனுக்குத்தான் இன்று எல்லாவற்றையும் விட விலை அதிகம்.

ராக்-ஓலாங்கறது ராக் அண்ட் ரோல்லேர்ந்து வந்த பேரா?

இல்லை. நிறுவனர் பெயரே டேவிட் ராக்கோலா. உச்சரிக்க வசதியாக நடுவில் ஒரு கோடு போட்டுக்கொண்டார். அந்த இசை வருவதற்கு முன்பே கம்பெனி வந்துவிட்டது.

எண்பது வருஷப் பழசு. ஆன்டிக்தானே, லைசென்ஸ் எல்லாம் எதுக்கு?

இந்த ஒரு சொல்லில்தான் பலர் வழுக்குகிறார்கள். பேச்சு வழக்கில் ஆன்டிக் என்றால் பழசு. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தில் ஆன்டிக் என்றால் 1898 அல்லது அதற்கு முன் செய்தது. 1943-ல் செய்த கார்பைன் அதில் வராது. சாதாரணத் துப்பாக்கிக்கான விதிகள் எல்லாம் அதற்கும் உண்டு.

ஆனால் ஐம்பது வருடத்தைத் தாண்டி, பழைய நிலையிலேயே இருக்கும் துப்பாக்கிகள் 'அரும்பொருள், நினைவுச் சின்னம்' என்ற தனி வகையில் வரும். அதற்கென்று சேகரிப்பாளர் உரிமம் ஒன்று இருக்கிறது. அது கையில் இருந்தால் அந்த வகைத் துப்பாக்கியை வேறு மாநிலத்திலிருந்தும் நேரே வீட்டுக்கு வரவழைக்கலாம். வாங்கியதையும் விற்றதையும் ஒரு பேரேட்டில் எழுதி வைக்க வேண்டும். இந்த உரிமத்தை வைத்து வியாபாரம் செய்யக் கூடாது.

நான் எச்1பி-ல இருக்கேன். ஒண்ணு வாங்கி வெச்சுக்கலாமா?

பொதுவாகக் கூடாது. குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டரசுச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அதை நம்பி இறங்குவதற்கு முன் வழக்கறிஞரிடம் பேசுங்கள். பொழுதுபோக்குக்காக விசாவைப் பணயம் வைக்காதீர்கள். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை.

அப்புறம் மாநிலம். எடிசனில் இருக்கும் என் மைத்துனர் ஆசையாகக் கேட்டார். நியூ ஜெர்சியின் தாக்குதல் ஆயுதப் பட்டியலில் 'எம்1 கார்பைன் வகை' என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. தாத்தா காலத்துத் துப்பாக்கி என்ற சலுகை அங்கே கிடையாது. அவர் இப்போது பழைய தோல் வார்களும் எண்ணெய்க் குப்பிகளும் சேர்க்கிறார்.

ஊருக்கு வரும்போது ஒண்ணு எடுத்துட்டு வர முடியுமா?

நினைக்கவே வேண்டாம். இந்தியாவின் 1959-ம் வருட ஆயுதச் சட்டம் அங்கே காத்திருக்கிறது. அதை விட முக்கியம்: சுடும் மைதானத்துக்கு எடுத்துப் போகும் பையில் ஊருக்குத் துணி அடுக்காதீர்கள். மூலையில் ஒரே ஒரு தோட்டா கிடந்து ஸ்கேனரில் தெரிந்தாலும் விமான நிலையத்திலேயே வழக்கு. தெரியாமல் வந்தது என்று நிரூபிப்பதற்குள் விடுமுறை முடிந்துவிடும்.

எந்தக் கம்பெனி செஞ்சதுன்னு எங்க பார்க்கணும்?

இலக்கைப் பார்க்க உதவும் பின்பக்கக் குறிக்கு (சைட்) பின்னால், ரிசீவரின், அதாவது துப்பாக்கியின் நடு உலோக உடலின், வால் பகுதியில். பெயரும் சீரியல் எண்ணும் அங்கேதான் இருக்கும். முன் வளையத்தில் இருப்பது வெறும் மாதிரிப் பெயர், அது எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

சிக்கல் என்னவென்றால், போரின் பிற்பகுதியில் திருகித் திருப்பும் பெரிய பின்குறி ஒன்று வந்தது. பழைய சின்னக் குறியைக் கழற்றி இதைப் பொருத்தியபோது பல துப்பாக்கிகளில் பெயர் அதன் அடியில் போய்விட்டது. கன் ஷோவில், அதாவது துப்பாக்கிச் சந்தையில், மேசைமேல் இருப்பதைச் சாய்த்து, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தால் இரண்டு எழுத்துகளின் அடிப்பாகம் மட்டும் தெரியும். பாதி நேரம் அதை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். சீரியல் எண் உதவும். ஒவ்வொரு கம்பெனிக்கும் எண்களைத் தொகுதி தொகுதியாகப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள்.

ரிசீவர்ல ஐபிஎம்னு இருக்கு, குழல்ல அண்டர்வுட்னு இருக்கு. என்னை ஏமாத்திட்டாங்களா?

வாரம் ஒருவராவது இதைக் கேட்கிறார்கள். ஏமாற்றவில்லை.

முதல் விஷயம், எந்தக் கம்பெனியும் துப்பாக்கியின் எல்லா உறுப்புகளையும் தானே செய்யவில்லை. சிறு பட்டறைகள் பல கிளை ஒப்பந்தம் எடுத்திருந்தன. குவாலிட்டி ஹார்டுவேர் ரிசீவரை மட்டும் செய்து மற்றதை வெளியே வாங்கிக் கோத்தது. குழல் செய்யும் வசதி எல்லோரிடமும் இல்லை. அண்டர்வுட் குழல்கள் மற்ற கம்பெனிகளின் துப்பாக்கிகளிலும் ஏறின. பேஸ்பால் மட்டை செய்யும் ஹில்லரிச் அண்ட் பிராட்ஸ்பி கார்பைனின் உலோகப் பகுதியைத் தாங்கும் மரக்கட்டையைக் கடைந்து கொடுத்தது. ஓர் ஆலையில் ஒரு உறுப்புக்குத் தட்டுப்பாடு வந்தால் இன்னொரு ஆலையில் மிஞ்சியதை அனுப்பும் ஏற்பாட்டைக் கம்பெனிகளின் கூட்டுக் குழு ஒன்று கவனித்தது. யார் செய்த உறுப்பும் யார் துப்பாக்கியிலும் உட்கார வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே இருந்தது. ஆக, 1943-ல் ஆலைக் கதவைத் தாண்டிய அன்றே அது கலவைதான்.

இரண்டாவது, போருக்குப் பிறகு ராணுவக் கிடங்குகளில் இவற்றை மொத்தமாகப் பிரித்துப் போட்டுப் பழுது பார்த்தார்கள். போல்ட்கள் (தோட்டாவைப் பின்னாலிருந்து பூட்டும் உறுப்பு) ஒரு தொட்டியில், விசைப் பெட்டிகள் இன்னொரு தொட்டியில். திரும்பக் கோக்கும்போது கைக்கு வந்தது ஏறியது. பழைய குறிக்குப் பதில் புதிய குறி, அழுத்தும் பாதுகாப்புப் பொத்தானுக்குப் பதில் திருப்பும் நெம்பு, முனையில் துப்பாக்கிக் கத்தி மாட்டும் கொக்கியுள்ள வளையம். உங்கள் ஐபிஎம்மில் அந்தக் கொக்கி இருந்தால் அது நிச்சயம் பழுது பார்க்கப்பட்டதுதான். ஏனென்றால் கொக்கி ஆலையிலேயே வர ஆரம்பித்தபோது இன்லேண்டும் வின்செஸ்டரும் மட்டுமே உற்பத்தியில் இருந்தன.

'முழு ராக்-ஓலா, எல்லாப் பார்ட்டும் ஒரே கம்பெனி'ன்னு விக்கறாங்க. கூடக் காசு கொடுக்கலாமா?

முந்தைய பதிலைப் படித்திருந்தால் உங்களுக்கே சந்தேகம் வந்திருக்கும். ஒரே பெயர் உறுப்புகள் மட்டும் இருக்கும் துப்பாக்கி, பெரும்பாலும் யாரோ ஒருவர் வருடக்கணக்கில் ஒவ்வொன்றாகத் தேடி மாற்றியது. அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அதை 'ஆலையிலிருந்து வந்தபடியே' என்று சொல்லி விற்றால் பொய்.

நானும் பணம் கொடுத்துத்தான் கற்றேன். ஒரு கன் ஷோவில், அப்படி ஒரு ராக்-ஓலா. கட்டையின் வலப்பக்கத்தில் பீரங்கிகள் குறுக்காக இருக்கும் ராணுவ முத்திரை பளிச்சென்று தெரிந்தது. அந்தப் பளிச்சிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து வாரைக் கழற்றினேன். கார்பைனில் எண்ணெய்க் குப்பிதான் வாரைப் பிடித்திருக்கும் தாழ்ப்பாள். குப்பியை உருவினால் வார் கையோடு வந்துவிடும். அந்தக் குழிக்குள்தான் கட்டை செய்தவரின் குறியெழுத்து இருக்கும். உள்ளே இன்லேண்டுக்கான குறியெழுத்து! வெளியே லென்ஸ் வைத்துப் பார்த்தால், முத்திரையின் பள்ளத்துக்குள் மரம் வெளுப்பாக இருந்தது. எண்பது வருட எண்ணெயும் அழுக்கும் சுற்றிலும் இருக்கிறது, பள்ளத்தில் மட்டும் இல்லை. போன மாதம் அடித்த முத்திரை. இப்போதெல்லாம் நான் முதலில் குப்பியைத்தான் உருவுகிறேன். விற்பவர் அதற்கு முகம் சுளித்தால் அடுத்த மேசைக்குப் போய்விடுவேன்.

என்கிட்ட 'அன்-குவாலிட்டி'ன்னு பொறிச்சிருக்கு. தரமில்லைன்னு ஒதுக்கினதா?

இந்தச் சந்தேகம் வந்த முதல் ஆள் நீங்கள் இல்லை. ரயில் சிக்னல் செய்யும் யூனியன் சுவிட்ச் அண்ட் சிக்னல் நிறுவனம், குவாலிட்டி ஹார்டுவேருக்காகச் செய்து கொடுத்த ரிசீவர் அது. யூனியனின் முதல் இரண்டு எழுத்தும் குவாலிட்டியும் சேர்ந்து அப்படி ஒரு வார்த்தை ஆகிவிட்டது. குறையே இல்லை. விற்றுவிடாதீர்கள்.

பாராசூட் படைக்கான மடக்குக் கட்டை வெச்ச ஐபிஎம் ஒண்ணு வருது. வாங்கட்டா?

மடக்கும் கட்டை கொண்ட எம்1ஏ1 மாதிரியைச் செய்தது இன்லேண்ட் மட்டும்தான், சுமார் 1.4 லட்சம். வேறு கம்பெனிப் பெயரோடு வந்தால் ஆலையில் அப்படி வந்ததில்லை என்பது உறுதி. கிடங்கில் மாறியிருக்கலாம், போன வருடம் மாற்றியிருக்கவும் செய்யலாம். இன்லேண்ட் பெயர் இருந்தாலும் அவசரப்படாதீர்கள். இந்த ஹாபியில் அதிகம் போலி வரும் உறுப்பே அந்தக் கட்டைதான்.

எம்2-ன்னு ஒண்ணு சொல்றாங்களே?

1944-ல் வந்த, தொடர்ந்து சுடும் வகை. அமெரிக்கச் சட்டத்தில் அது இயந்திரத் துப்பாக்கி. 1934 சட்டப்படி பதிவு வேண்டும், தனியாருக்கான புதுப் பதிவு 1986-லேயே மூடப்பட்டது. எம்2 ஆக்கும் உறுப்புத் தொகுப்பை எம்1-உடன் வைத்திருப்பதே குற்றமாகலாம். பழைய பெட்டியோடு 'சில்லறைப் பார்ட்ஸ்' என்று யாராவது இலவசமாகக் கொடுத்தால், என்னவென்று தெரியாமல் வாங்காதீர்கள். பழுது பார்த்த எம்1-களில் எம்2 காலத்து மரக்கட்டையோ உருண்டை போல்ட்டோ இருப்பது சகஜம், அவை மட்டும் இருந்தால் பிரச்சினை இல்லை.

சுடலாமா, இல்லை பார்க்க மட்டுமா?

துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் ஒருமுறை காட்டிவிட்டுச் சுடலாம். நான் என் இன்லேண்டைச் சுடுகிறேன், மற்றதைச் சுடுவதில்லை. தோட்டாவில் கவனம் வேண்டும். அமெரிக்க ராணுவத்தின் கார்பைன் தோட்டாக்கள் ஆரம்பம் முதலே துருப்பிடிக்க வைக்காத வகை. ஆனால் அடியில் 'எல்சி 52' என்று பொறித்துச் சீனாவில் செய்த தோட்டாக்கள் உலவுகின்றன. லேக் சிட்டி ஆலையின் முத்திரை போலத் தெரியும், மருந்து உப்பை விட்டுப்போகும். கார்பைனின் வாயு பிஸ்டன் எளிதில் கழற்ற முடியாத இடத்தில் இருக்கிறது. அங்கே துரு ஏறினால் பெரிய வேலை.

கட்டை கறுத்துப் போயிருக்கு. தேய்ச்சு வார்னிஷ் அடிச்சுடட்டுமா?

கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். உப்புத்தாள் பட்டால் முத்திரை, பழுது பார்த்த கிடங்கின் எழுத்து எல்லாம் போய்விடும். துணியில் கொஞ்சம் ஆளிவிதை எண்ணெய், அவ்வளவுதான். உலோகத்தின் சாம்பல் நிறம் பாஸ்பேட் பூச்சு, அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் பாதி மதிப்பு காலி.

முதல்ல எதை வாங்கறது நல்லது?

இன்லேண்ட். எண்ணிக்கை அதிகம், விலை மற்றதை விடக் குறைவு, தப்பு செய்தாலும் கை அதிகம் சுடாது. பழுது பார்த்த துப்பாக்கி என்றாலும் பரவாயில்லை, எனக்கு அவைதான் பிடிக்கும். குழலில் இறக்குமதி முத்திரை இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். கொரியா போன்ற நாடுகளிலிருந்து 1980-களில் திரும்பி வந்தவை பல. சிலவற்றில் அந்த முத்திரையை அவ்வளவு ஆழமாக அடித்திருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. போருக்குப் பிறகு தனியார் சந்தைக்காகச் செய்த கார்பைன்களும் நிறைய உண்டு. இன்லேண்ட் என்ற பெயரிலேயே இந்த நூற்றாண்டில் செய்த புதுசும் இருக்கிறது. சுட நன்றாக இருக்கலாம், ஆனால் நாம் பேசுவது அதைப் பற்றி அல்ல.

1963-ல இருபது டாலருக்குக் கொடுத்தாங்களாமே?

கொடுத்தார்கள், தேசிய ரைபிள் சங்க உறுப்பினர்களுக்கு. அந்தப் பேச்சை எடுத்தாலே எனக்கு வயிறு எரியும். அடுத்த கேள்வி.

கார்பைன் போதும். இதே மாதிரி வேற என்ன இருக்கு?

ஸ்மித்-கரோனா, இன்னொரு தட்டச்சு இயந்திர நிறுவனம், நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸில் 1903ஏ3 ரைபிள் இரண்டு லட்சத்துக்கு மேல் செய்தது. டிராக்டர் செய்யும் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1950-களில் காரண்ட் செய்து திணறியது. தையல் மெஷின் சிங்கர் 1911ஏ1 பிஸ்டல் 500 மட்டும் செய்துவிட்டு நிறுத்திக்கொண்டது. இன்று அதில் ஒன்றின் விலைக்கு இங்கே வீடு வாங்கலாம்.

ஜப்பான் பக்கம் போனால் இன்னும் சுவாரசியம். பின்னாளில் மஸ்தா ஆன டோயோ கோக்யோ, ஹிரோஷிமாவில் டைப் 99 ரைபிள் செய்தது. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குள் நுழைந்தவர் எவருக்கும் ஜூகி மெஷின் தெரியும். அந்த ஜூகி, 1938-ல் டோக்கியோ ஜூகி என்று துப்பாக்கி செய்யத் தொடங்கிய நிறுவனம். தையல் மெஷினுக்கு வந்தது போர் முடிந்த பிறகுதான். ஜப்பான் சரணடைந்தபோது பெரும்பாலான ரைபிள்களில் பேரரசரின் செவ்வந்தி முத்திரையைத் தேய்த்து அழித்துவிட்டார்கள். முத்திரை அழியாத டோக்கியோ ஜூகி ரைபிள் ஒன்றைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன். கண்ணில் பட்டால் சொல்லுங்கள். விலை மட்டும் நான் பேசிக்கொள்கிறேன்.